எல்லைக்கு உள்ளே ஆறடி

கெமிகிசா வெட்டுக்கத்தியால் புதரை அடித்து அடித்து மகளின் சமாதியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் காடு அதை மூடிவிட்டிருந்தது. மூன்று முழச் சிமெண்ட் மேடு இங்கேதான் எங்கோ கிடந்தது. கொடியை அறுத்தால் அதன் அடியில் இன்னொரு கொடி இருந்தது.

“அண்ணி, கத்தியக் கீழ வைங்க,” என்றான் புசிங்கே. பல்கலைக்கழகத்தின் பச்சைச் சட்டை போட்டிருந்தான். பதினெட்டு வருடம் அவள் கணவனோடு இதே காட்டில் நடந்தவன். “இங்க ஒரு கெளைகூட வெட்டக்கூடாது. ஒங்களுக்கே தெரியும்.”

“அவரு வீட்டுல கெடக்காரு, புசிங்கே. வெயில் ஏறுது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கத்தியைப் பிடுங்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

அவள் கணவன் அசாபா முந்தின நாள் மதியம் காட்டில் விழுந்தான். மாதாமாதம் செய்வதுபோல எந்த மரம் காய்த்திருக்கிறது, எது பூத்திருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே நடந்தவன், அப்படியே சரிந்தான். நாலு பேர் தூக்கி வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. வாய் ஒருபக்கம் கோணியிருந்ததால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை.

விடிந்ததும் அவள் முதலில் போனது கணவனின் அண்ணன் முகென்யியிடம். அவனுடைய கரும்பு ரோடுவரை நின்றது.

“என் கரும்புக்குள்ள அவனுக்குக் குழி கெடையாது,” என்றான் முகென்யி, பல் துலக்கிக்கொண்டே. “அப்பா நெலத்தக் கொரங்குக்கு எழுதிக்குடுக்க வச்சவன்தானே. கொரங்கே வந்து பொதைக்கட்டும்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் காடு இரண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் இவர்கள் அப்பாவின் நிலம். சிம்பன்சிகள் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போகக் கரும்புக்குள் இறங்கும், கண்ணியில் மாட்டிக் கையை இழக்கும். ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன் தம்பிகளை உட்காரவைத்துப் பேசிப் பேசி அந்த நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு விற்க வைத்தவன் அசாபா. அதற்குள்தான் மகள் பிருங்கியின் சமாதியும் போயிற்று. காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஆறு வயது. ‘என்ன அவ பக்கத்துல வச்சிரு’ என்று அசாபா ஒருமுறை குடித்திருந்தபோது சொல்லியிருக்கிறான். குடிக்காதபோது அவள் பேச்சையே எடுக்கமாட்டான்.

கெமிகிசா வெறுங்கையோடு வீடு திரும்பியபோது, ஆய்வு நிலையத்திலிருந்து டாக்டர் அகெல்லோ வேனில் சவப்பெட்டி கொண்டுவந்திருந்தாள். ஆய்வு நிலையத்தின் தலைவி அவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, அவரக் காட்டுக்குள்ள பொதைக்க அனுமதி கேட்டுக் காலையிலேர்ந்து தலைநகரத்துக்குப் போன் போட்டுட்டே இருக்கேன். கமிட்டி கூடாம முடியாதுங்கறாங்க. கமிட்டி அடுத்த மாசம்தான்.”

“அடுத்த மாசம்வரைக்கும் இவரு காத்திருப்பாரா?”

அகெல்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருபத்திரண்டு வருஷம் ஒங்களுக்கு மரம் எண்ணினாரு. ஆறடி குடுக்க ஒங்க படிப்புல எடமில்லையா?”

“இருக்குக்கா. நான் தரேன்னு சொல்லிடலாம், எனக்கு வேலை போனாலும் பரவால்ல.” அவள் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். “ஆனா இத நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க.”

அசாபாவின் கையெழுத்து. மரப்பெயர்களை எழுதும் அதே கட்டை எழுத்து. ‘உள்ளே புதிதாக யாரையும் புதைக்கக்கூடாது. பழைய சமாதிகளைச் சுத்தம் செய்யவும் கூடாது. என் குடும்பத்துக்கும் இதுதான்.’

“நெலத்த வித்தப்ப இந்த விதியே அவர் கேட்டு வாங்கினது,” என்றாள் அகெல்லோ. “ஒரு குழி விழுந்தா, எங்க ஆளு இங்க படுத்திருக்கான், நெலம் எங்களுதுன்னு கேஸ் போடுவாங்க. சமாதியத்தான் கோர்ட் சாட்சியா எடுக்கும். ‘எங்க அண்ணன எனக்குத் தெரியும்’னு சொன்னார்.”

கெமிகிசா அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘பிருங்கி மேல புல்லு மண்டியிருக்கும், ஒருநாள் போய் வெட்டிட்டு வருவோம்’ என்று அவள் கேட்டபோதெல்லாம் ‘மழை நிக்கட்டும்’ என்றிருந்தான். ஐந்து வருடமாக மழை நிற்கவில்லை.

“எங்கிட்ட சொல்லல,” என்றாள்.

அந்தக் காகிதத்தை அகெல்லோவின் மடியில் போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்திருந்தாள்.

இப்போது பின்னால் ஆள் அரவம் கேட்டது. முகென்யி. கூட ஆறு பேர், எல்லார் கையிலும் மண்வெட்டியும் கத்தியும். ஒருவன் தோளில், சவத்தைச் சுற்றும் புது மரப்பட்டைத் துணி.

“நீ உள்ள எறங்கிட்டன்னு சொன்னாங்க,” என்றான் முகென்யி. “நல்ல காரியம் செஞ்ச. அராலிய அவன் புள்ள பக்கத்துலயே வைப்போம். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்.”

அராலி என்பது அசாபாவின் மரியாதைப் பெயர். நிலம் கைமாறியதிலிருந்து முகென்யி வாயில் அது வந்ததே இல்லை.

அவர்கள் தேடத் தொடங்கினார்கள். புசிங்கே குறுக்கே போனான், அவனைத் தள்ளிவிட்டார்கள். சிறிது நேரத்தில் ஒரு கத்தி சிமெண்டில் பட்டுக் கிணுக்கென்றது. கொடிகளைச் சுருட்டி எறிந்தார்கள். பாசி பிடித்து, ஒரு மூலை உடைந்து, மேடு வெளியே வந்தது.

கெமிகிசா முட்டி போட்டு உட்கார்ந்தாள். பாசியை நகத்தால் சுரண்டினாள். ‘பி’ தெரிந்தது. மற்ற எழுத்துகள் போய்விட்டிருந்தன. நெற்றியைச் சிமெண்டில் வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

தலைக்கு மேலே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முகென்யி காலடியால் அளந்துகொண்டே போனான்.

“இங்கேர்ந்து ஓடைவரைக்கும் நம்மளோடது. வக்கீலு கேஸுக்கு ஒரு சமாதியாவது புதுசா வேணும்னாரு. இப்ப ஆச்சு.”

“அந்த அத்தி மரம்?” என்றான் ஒருவன்.

“அது போனாத்தான் கரும்பு லாரி திரும்பும்.”

முதல் மண்வெட்டி மண்ணில் இறங்கியது. வேர் அறுபடும் சத்தம் கேட்டது.

“அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் கெமிகிசா.

“என்னது?”

“அவர இங்க வைக்கவேண்டாம்.”

“பைத்தியமா நீ? காலையில குழிக்கு எங்கிட்ட அழுத. இங்க இல்லன்னா எங்க வைப்ப? நடுரோட்லயா?”

“எங்கயோ வைக்கிறேன். இங்க வேண்டாம்.”

முகென்யி அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். “ஒம் புருஷன் புள்ள சமாதியக்கூடக் கொரங்குக்கு வித்து ஒன்ன ஏமாத்திட்டுப் போயிருக்கான். தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு?”

கெமிகிசா எழுந்தாள். மண்வெட்டி இறங்கிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் மேல் வெட்ட யாருக்கும் கை வரவில்லை. முகென்யி காறித் துப்பினான். போகும்போது மரப்பட்டைத் துணியையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனபின், அறுத்துப் போட்ட கொடிகளை அவள் ஒவ்வொன்றாக இழுத்துவந்து மேட்டின் மேல் பரப்பினாள். புசிங்கே உதவ வந்தான். கையால் வேண்டாமென்றாள்.

வீட்டைச் சுற்றி மிஞ்சியிருந்த மண்ணில் கக்கூசும் நாலு வாழையும் போக, அடுக்களைக் குடிசைக்குத்தான் இடம் இருந்தது. அதைப் பிரித்தார்கள். கூரை கரியாக உதிர்ந்தது. புசிங்கேயும் நிலையத்து ஆட்கள் இருவரும் தோண்டினார்கள். அடுப்புச் சூட்டில் வருடக்கணக்கில் வெந்த மண், செங்கல் மாதிரி இருந்தது. அகெல்லோ வேனிலிருந்து கடப்பாரை கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளே குழிக்குள் இறங்கினாள்.

பொழுது சாய்வதற்குள் அசாபாவை இறக்கி மூடினார்கள். குலத்தார் ஒருவரும் வரவில்லை. ஜெபத்தைப் புசிங்கே சொன்னான். பாதியில் மறந்துபோய், முதலிலிருந்து ஆரம்பித்தான்.

தோண்டியவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும். கெமிகிசா வாசலில் மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினாள். அகெல்லோ பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காயை உரிக்க ஆரம்பித்தாள். கை கொப்பளித்திருந்தது, தோலோடு பாதிக் காயும் போயிற்று.

கெமிகிசா அதைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி, அடுத்த காயை எடுத்து, மெல்லிசாகத் தோலைச் சீவத் தொடங்கினாள்.