புட்டிக்கு ஒன்று

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கான படையல் மேசையில் எதை வைக்கிறது என்பதைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் தன்னம்பிக்கையை அளந்துவிடலாம். தைவானின் தைனான் நகரில் எங்களுக்கு அடுத்த கட்டடத்து டயர்க்காரர்கள் வறுவலும் பீரும் வைத்தார்கள். எங்கள் முதலாளி ஷு ஜின்-தாங் சொந்தச் சரக்கையே வைத்தார்: குழந்தைகளுக்கான கரடி வடிவ 'கம்மி' என்னும் வைட்டமின் மெல்லுமிட்டாய், இருநூறு புட்டி. நாதியற்ற ஆவிகளுக்கும் சத்துக் குறைபாடு இருக்கக்கூடும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

அந்த ஆவிகளை நாங்கள் மரியாதையாக 'நல்ல சகோதரர்கள்' என்போம். அவர்கள் உண்டு முடித்தார்களா என்பதைப் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஒன்று குப்புறவும் மற்றொன்று மல்லாந்தும் விழுந்தால் முடித்துவிட்டார்கள் என்று பொருள். அன்று ஒரு மணியிலிருந்து இரண்டு கட்டைகளும் மல்லாந்தே விழுந்துகொண்டிருந்தன. சகோதரர்களுக்குச் சரக்கு பிடித்துப்போய்விட்டது என்று முதலாளி பூரித்தார். ஐந்து மணிக்குத்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை இருநூறு புட்டிகளும் ஆகஸ்டு வெயிலில் நின்றன. 'வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அவற்றின் முதுகில் அச்சிட்டிருந்ததும் நாங்கள்தான்.

படைத்த பொருளை எறிவது பாவம்; கொடுப்பது புண்ணியம். மறுநாள் காலை அனைத்தும் நாற்பத்து மூன்று குழந்தைகள் வாழும் ஓர் இல்லத்துக்குப் போகவிருந்தன. பதாகை தயார், புகைப்படக்காரர் தயார். இல்லத்துப் படிவத்தில் தரப் பரிசோதகரின் பெயர் முத்திரை விழுவது மட்டுமே பாக்கி.

தரப் பரிசோதகர் குவோ பெய்-ருங் மூன்று புட்டிகளைத் திறந்தாள். கரடிகள் ஒன்றையொன்று தழுவி, காது மூக்கு துறந்து, புட்டியின் வடிவத்தையே தம் வடிவமாக ஏற்றிருந்தன. மேலே வியர்வை. கருகிய சர்க்கரையின் புளித்த வாசம்.

முதலாளியும் தம் முறையில் பரிசோதித்தார். ஒரு புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, கெட்டியாகிவிட்டது, ஆகவே சரியாகிவிட்டது என்று அறிவித்தார். விற்பனை மேலாளர் சியாங் கத்தியால் ஒரு சீவல் எடுத்துத் தின்றுவிட்டு, சுவை ஆழமாகியிருப்பதாகச் சொன்னார். ஆய்வுக்கூடங்கள் ஏன் இவ்வளவு செலவு பிடிக்கின்றன என்பதுதான் புரியவில்லை.

"தேதி இன்னும் பத்து மாசம் கெடக்கு. நீ என்னத்தப் பாக்குற, ருங்?" என்றார் முதலாளி.

"அது நெழல்ல இருக்கறதுக்குப் போட்ட தேதி, முதலாளி."

"சகோதரருங்க நாலு மணி நேரம் சாப்பிட்டாங்களே," என்றார் சியாங். "ஒருத்தருக்காவது வயித்த வலிச்சுதா?"

"அவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போவுது, சியாங் அண்ணே?"

வெயிலில் சத்து குறைந்திருப்பதைக்கூட விட்டுவிடலாம் என்று அவள் விளக்கினாள். நாளைக்கு இரண்டு கரடி என்பது அளவு. உருகி ஒன்றான கட்டியில் ஒரு குழந்தை கடிப்பது இரண்டா பத்தா என்று எவராலும் சொல்ல முடியாது. ஏ வைட்டமின் அளவு மீறினால் பிஞ்சு உடம்புக்குக் கேடு. முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு அடுத்த மாதம் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது என்பதை, வானிலையைப் பற்றிப் பேசுவது போல, நினைவூட்டினார்.

பெய்-ருங் படிவத்தை எடுத்து நிரப்பினாள். புட்டிகள்: இருநூறு. ஒரு புட்டியில் உள்ள கம்மிகள்: ஒன்று. உண்ணும் அளவு: நாளைக்கு இரண்டு. கீழே சிவப்பு முத்திரையை நேராகக் குத்தினாள்.

முதலாளி இருமுறை படித்தார். "அறுபதுல்ல இருக்கணும்?"

"எண்ணித்தான் எழுதுனேன். நீங்களும் எண்ணிப் பாருங்க."

அவர் ஒரு புட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். எதுவும் விழவில்லை. வேறு படிவத்தில் அறுபது என்று தாமே எழுதித் தருவதாகச் சியாங் முன்வந்தார். முதலாளி தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுது. அப்படியே உன் முத்திரையையும் குத்திரு."

சியாங் சட்டைப் பையைத் தடவினார். "வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், முதலாளி."

முதலாளியின் முத்திரை அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதை எடுக்க அவரும் எழவில்லை.

மறுநாள் கிடங்கிலிருந்து புதிய புட்டிகள் இல்லத்துக்குப் போயின. புகைப்படத்தில் முதலாளி கருணையே உருவாக நின்றார். பெய்-ருங்கின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. துணிந்து முத்திரை குத்தும் ஆள் எங்களிடம் வேறு இல்லை. வெயிலில் வெந்த இருநூறும் நிலாப் பண்டிகைப் பரிசாக எங்களுக்கே பகிரப்பட்டன. ஊழியர்களுக்குக் கொடுப்பதற்குப் படிவம் எதுவும் தேவையில்லை. இரு கைகளாலும் வாங்கி, தலை தாழ்த்தி நன்றி சொன்னோம்.