திசைகாட்டி மாட்டிய அம்பாசடர்

தென்காசியில் வழி தெரியாமல் போனவன் என்று யாராவது உண்டா? மேற்கே பார்த்தால் மலை. ஊர் நடுவே மொட்டைக் கோபுரம். இந்த இரண்டையும் கண்ணில் வைத்துக்கொண்டே ஒருத்தன் தொலைந்து போகிறான் என்றால் அவனைத் தேடவே வேண்டாம், தொலையட்டும் என்று விட்டுவிடலாம்.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு, எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சாரல் சமயத்தில், ஜைனபின் புருஷன் முகம்மது இஸ்மாயில் துபாயிலிருந்து லீவில் வந்தபோது காரில் மாட்டுவதற்கென்று ஒரு திசைகாட்டி வாங்கி வந்தான்.

அந்தச் சாமானின் வரலாறு அவன் வருவதற்கு முன்பே ஜைனபுக்குத் தெரியும். அவளுடைய வாப்பா கிதிர் முகம்மது மாசி மாதம் மவுத்தாகிப் போனார். சாவுச் சேதி துபாய்க்குப் போய், பதிலுக்கு அவன் பேசிப் பதிந்த கேசட் வந்து சேர்ந்தது. சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து முந்தானையைக் கண்ணுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். "மாமா மவுத்தான சேதி கேட்டு ரொம்ப வருத்தமாயிட்டு" என்று ஒரு வரி சொன்னான். தொண்டையைச் செருமினான். அப்புறம் கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை திசைகாட்டிதான். கடையில் மூன்று தினுசு பார்த்தானாம். ஒன்று கண்ணாடியில் ஒட்டுவது, வெயிலுக்கு விழுந்துவிடுமாம். ஒன்று ஸ்க்ரூ போட்டு முடுக்குவது, பார்க்க அழகில்லையாம். மூன்றாவதில் தண்ணீருக்குள் உருண்டை மிதக்குமாம், உள்ளே குட்டி பல்பு எரியுமாம், பாலைவனத்தில் போகிற அரபிகளெல்லாம் அதைத்தான் வாங்குகிறார்களாம். அதையே எடுத்துவிட்டானாம். பெண்கள் முந்தானையை இறக்கிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஜைனபுக்கு அந்த டேப் ரிக்கார்டரைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று வந்தது.

வந்து இறங்கியவன் ஆலங்குளத்தில் ஒரு பழைய அம்பாசடரை வாங்கினான். துபாயிலிருந்து கொண்டுவந்த கார் டேப்பையும் பெரிய ஸ்பீக்கரையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக் செல்லச்சாமி பட்டறைக்குப் போனான். செல்லச்சாமி நல்ல மனுஷன்தான், ஆனால் வண்டி கொண்டுவந்தவன் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். ஸ்பீக்கரை டேஷ்போர்டுக்குள் வைக்கச் சொன்னான், வைத்தார். அதற்கு நேர் மேலே திசைகாட்டியை மாட்டச் சொன்னான், மாட்டினார். பல்புக்கு வயர் இழுத்துக் கொடுத்தார்.

"சரியாக் காட்டுமா செல்லச்சாமி?"

"என்ன பாய் இப்படிக் கேட்டுட்டிய? துபாய்ச் சாமான் தப்பாக் காட்டுமா?"

இந்த ஒரு வார்த்தை போதாதா அவனுக்கு!

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருந்த வீடு கிதிர் முகம்மது மகளுக்கென்று கட்டிக்கொடுத்தது. பள்ளிவாசலுக்கு ஒரு நடை, மனைக்கு ஒரு நடை என்று அலைந்து, தொழுகை அறைச் சுவர் மேற்கே மக்கா இருக்கும் கிப்லாத் திசைக்கு நேராக வரும்படி நூல் பிடித்து நின்று கட்டியவர் அவர். கடைசி நாட்களில் நிற்க முடியாமல் உட்கார்ந்து தொழுததும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

முற்றம் குறுகல். காரைச் சாய்வாகத்தான் நுழைத்து நிறுத்த முடியும். இஸ்மாயில் அப்படி நிறுத்திவிட்டு உருண்டையைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"ஏட்டி, இங்கன வா. W-ன்னா மேக்கு. கார் மூஞ்சி நேரா மேக்க பாக்குன்னு காட்டுது. உங்க வாப்பா கட்டின சுவரு எங்கன பாக்குன்னு நீயே பாரு. கோணல்!"

"வாப்பா பள்ளிவாசலைப் பாத்து நூல் பிடிச்சுல்லா கட்டுனாக?"

"நூலு பெருசா, மிசினு பெருசா?"

அன்றைக்கே முசல்லாப் பாயைச் சுவருக்குச் சாய்வாக விரித்துத் தொழுதான். மறுநாளும், அதற்கு மறுநாளும். அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னான்: "மாமா கண் மட்டத்துக்குக் கட்டிட்டாங்க. பாவம், கடைசிவரைக்கும் கோணலாவே தொழுதுட்டுப் போயிட்டாங்க." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்களாம். சேதி சாயங்காலத்துக்குள் வீடு வந்து சேர்ந்தது. செத்த மனுஷன் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்?  அன்று ராத்திரி ஜைனபுக்குச் சோறு இறங்கவில்லை.

"திங்கக்கிழமை கொத்தனார் வாரான். அந்தச் சுவரை இடிச்சு நேராக் கட்டப் போறேன்" என்றான் சாப்பிட்டுக்கொண்டே.

"எங்க வாப்பா சுவத்துல கடப்பாரை பட்டுச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"உனக்கு தீன் பெருசா, சுவரு பெருசா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனான். அதற்குமேல் ஒரு பெண்பிள்ளை என்ன பேச முடியும்? மார்க்கத்தை முன்னால் நிறுத்திவிட்டால் வாயை மூடத்தான் வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போகலாம் என்றான். மனசை மாற்றுகிறானாம். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். டேப் பாடிக்கொண்டிருந்தது. கண் முன்னால் மலை, அதன்மேல் மேகம் இறங்கி நின்றது. உருண்டையில் W. அருவியில் கூட்டம் நெரிந்தது. அவள் காரைவிட்டு இறங்கவே இல்லை. அவன் மட்டும் தலை நனைய நின்றுவிட்டு, துண்டால் துவட்டிக்கொண்டே வந்து வண்டியைத் திருப்பினான்.

தென்காசி ரோட்டில் பாதி தூரம் வந்திருப்பார்கள். ஜைனப் உருண்டையைப் பார்த்தாள். W. பின்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். மலை முழுசும் பின்னால் நின்றது. மறுபடி உருண்டையைப் பார்த்தாள்.

"வண்டிய நிப்பாட்டுங்க."

"என்னட்டி, மயக்கமா வருதா?"

"மலை எங்கன இருக்கு?"

"பின்னால."

"மலை எந்தத் திசை?"

"மேக்கு. இது என்ன கேள்வி?"

"அப்ப நாம எங்க போறோம்?"

"கிழக்க..." என்று சொல்லிக்கொண்டே உருண்டையைப் பார்த்தான். ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை வயல் பக்கம் திருப்பிப் பார்த்தான். W. இந்தப் பக்கம் திருப்பினான். லேசாக ஆடிவிட்டு மறுபடி W. துபாயில் கார் சாமான் ஸ்டோரில் வேலை பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாமலா போகும்? குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான்.

"ஸ்பீக்கரு காந்தம் இழுத்துப் பிடிச்சிருக்கு" என்றான், காற்றுக்குச் சொல்வது மாதிரி.

"அப்ப கார் எங்க பாத்தாலும் மேக்குன்னுதான் சொல்லும், இல்லையா? முத்தத்துல காரைச் சாச்சுப் போட்டிய. அது மூஞ்சி பாத்த பக்கமெல்லாம் கிப்லான்னு தொழுதிய. எங்க வாப்பா கோணலாத் தொழல. நீங்கதான் அம்பாசடருக்கு நேராத் தொழுதிருக்கிய!"

"சத்தம் போடாத. கொத்தனாரை வேண்டாம்னுருதேன். போதுமா?"

போதுமாமே! ஊர் கூட்டி வைத்த பழியை வீட்டுக்குள் துடைத்துவிடலாம் என்று பார்க்கிறான். 

ஊருக்குள் வந்தபோது பள்ளிவாசலில் அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "இங்கன நிப்பாட்டுங்க. எங்க வச்சு எங்க வாப்பாவைச் சொன்னியளோ அங்கன வச்சே மாத்திச் சொல்லுங்க."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வீட்டுல போய்ப் பேசிக்கிடுவோம்."

"வீட்டுல வச்சா சொன்னிய?"

அவன் கியரைப் போடப் போனான். ஜைனப் எட்டி ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவள் உடம்பு பூராவையும் அதன்மேல் சாய்த்துவிட்டாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பாங்கு சொல்லும் மோதினார் சேக் தாவூது ஓடி வந்தார்.

"என்ன இஸ்மாயிலு, ஹாரன் ஒட்டிக்கிட்டா?"

ஜைனப் கையை எடுத்தாள். "ஒட்டல மோதினாரே. இவங்களுக்கு உங்க எல்லார்ட்டயும் ஒரு சேதி சொல்லணுமாம்."

தப்பிக்க வழி இல்லை. இஸ்மாயில் கதவைத் திறந்து இறங்கினான். தலை அருவித் தண்ணீரில் இன்னும் ஈரமாகவே இருந்தது. "மாமா வீட்டு கிப்லா... அது சரிதான்" என்று முனகினான்.

"கேக்கல" என்றாள் காருக்குள்ளிருந்து.

"மாமா சுவரு நேராத்தான் இருக்கு. நான் சொன்னதுதான் தப்பு. அந்த மிசினு கெட்டுப் போச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சேக் தாவூது தாடியைத் தடவிக்கொண்டு பெரிய மனுஷத் தோரணையில் ஜைனபைப் பார்த்தார். "கிதிர் முகம்மது அளந்தது தப்பாகுமா தாயீ? எங்க எல்லாத்துக்கும் தெரியுமே."

"தெரியுமா?" என்று ஜைனப் காரைவிட்டு இறங்கினாள். "தெரிஞ்சா வெள்ளிக்கிழமை இதே எடத்துல நின்னு ஏன் உச்சுக் கொட்டினிய?"

 அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அவர்கள் நடுவிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.