பிற

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. அரசுக் கலைத்துறை கேட்டது: "பயனாளியின் வெற்றிக் கதை, முந்நூறு சொற்களுக்குள்." துறையிடம் திட்டம் இருக்கிறது, கலைஞர்களின் முகவரி இல்லை. எங்கள் உதவி மையத்திடம் முகவரி இருக்கிறது, திட்டம் இல்லை. இந்தப் பொருத்தத்துக்குப் பெயர் கூட்டுமுயற்சி. கதை நன்றாக வந்தால் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் நீளும். (மையத்தில் வேலை செய்வது இரண்டே பேர். அதில் ஒருவன் நான்.)

2

முதல் தொடக்கம்: "நாடக மேடைகளில் முப்பது வருடம் மழை பெய்ய வைத்தவர் அவர்."

பரவாயில்லை. ஒரு தகரத் தட்டு, ஒரு பிடி பொடிக்கல். திரைக்குப் பின்னால் நின்று அவர் ஆட்டினால் மேடையில் மழை. மழைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. நாங்கள் பரிந்துரைத்தால் துறை காதுக் கருவி கொடுக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "அவர் எங்கள் மையத்தின் படியேறி வந்த அன்று நல்ல வெயில், அவர் முகத்தில்"

வேண்டாம். வெயிலா என்று நினைவில்லை. படிவம்தான் நினைவிருக்கிறது.

3

கலைப்பிரிவு: இசை, நடனம், ஓவியம், நாடகம், பிற.

"என்னை எதுலப்பா போடுவ?"

"நீங்க தனி ரகம்ணே!" என்று 'பிற'வில் குறியிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. காதருகே கையைக் குவித்து, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவரும் சிரித்தார்.*

(*அடிக்குறிப்பு: 'நாடகம்' ஒரு விரற்கடை மேலேதான் இருந்தது.)

4

'நாடகம்' என்று குறித்தவர்களுக்கு இரண்டே மாதத்தில் கருவி வந்தது. 'பிற'வைப் பார்க்கத் துறையில் குழுவே அமைக்கவில்லை. ஃபோன் போட்டேன்.

"நீங்கதானே சார் குறிச்சு அனுப்பினீங்க?" என்றார் பிரிவு அலுவலர்.

"அப்ப மாத்தி அனுப்பட்டுமா?"

"பரிசீலனையில இருக்கிறதை எப்படி சார் மாத்துறது?"

அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. அதனால் அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

பதினான்கு மாதம் போனது. இடையில் ஓர் ஒத்திகையில் நடிகர்கள் நிறுத்தச் சொல்லிக் கத்தக் கத்த, அவர் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

5

ஒருவழியாகக் குழு அமைந்து கருவி வந்ததும் நானே கொண்டுபோனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"காது முழுசாப் போயிடுச்சு தம்பி. கருவி முன்னாடியே வந்திருந்தா கொஞ்சமாவது கேட்டிருக்கும்னார் டாக்டர். பரவால்ல, குடுங்க. உங்களுக்குக் கையெழுத்து வேணும்ல?"

மழைக்காரர் கருவியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாக் கேக்குதுப்பா!" என்று கத்தினார்.

நான் இன்னும் எதுவும் பேசியிருக்கவில்லை.

6

துறைக்கு அந்த ஒரு வரி போதும். பொய்கூட இல்லை, அவர் வாயால் சொன்னதுதான். எழுதினால் ஒப்பந்தம் நீளும், என் வேலை தங்கும். எழுதப் பேனாவை எடுத்தால் வெட்கமாக இருக்கிறது. போன தடவை நான் குறியிட்டேன். இந்தத் தடவை நீங்கள் குறியிடுங்கள்.

முடிவு (ஒன்றை மட்டும்):

☐ பயனடைந்தார்
☐ பயனடையவில்லை
☐ பிற