கடைசிக் கடிதத்தில் ஒரு பத்தி

"பேனா குடுங்க, ஜெஃப்ரி," என்று மியூரியல் கையை நீட்டினாள்.

அவள் கணவர் லயனலின் சவப்பெட்டி அப்போதுதான் தேவாலயத்துக்குள் போயிருந்தது. பாதிரியாரின் அங்கிகள் தொங்கும் பக்கத்து அறையில், ஜெஃப்ரி வாசிக்கவிருந்த இரங்கல் உரையை மேசைமேல் விரித்திருந்தாள்.

"பாக்கத்தானே குடுத்தேன்? திருத்தவா குடுத்தேன்?"

"அவர் எழுதினதையெல்லாம் நீங்க திருத்தினீங்க. ஒரு நாள் நான் திருத்தக்கூடாதா?"

பிரிட்டிஷ் தூதர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வுபெறும்போது வெளியுறவுத் துறைத் தலைமைக்கு ஒரு கடைசிக் கடிதம் எழுதுவார்கள். அதில் மட்டும் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லலாம். அது படியெடுக்கப்பட்டு எல்லாத் தூதரகங்களுக்கும் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூடப் படிப்பார்கள். தூதராக இருந்து ஓய்வுபெற்ற லயனலின் கடிதம் எங்கேயும் போகவில்லை. தலைமை அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரியாக இருந்து, அதைச் சுற்றுக்கு அனுப்பவேண்டிய ஜெஃப்ரி, ஓரத்தில் 'தொனி சரியில்லை' என்று எழுதி அலமாரியில் பூட்டிவிட்டார். அது தெரியாமல், யாராவது படித்துவிட்டுப் பதில் போடுவார்கள் என்று லயனல் பதினோரு வருடம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மியூரியலுக்கு அது பின்னால் தெரியவந்தது.

மியூரியல் 'விசுவாசமான ஊழியர்' என்பதை அடித்தாள். 'அரசின் கொள்கையை முழுமனதோடு ஏற்றவர்' என்பதை இரண்டு முறை அடித்தாள். ஓரத்தில் 'தொனி சரியில்லை' என்று எழுதினாள். பிறகு கைப்பையிலிருந்து லயனல் அந்தக் கடிதத்துக்கு எடுத்துவைத்திருந்த நகலில் ஒரு தாளை எடுத்து மேலே வைத்தாள்.

"இந்தப் பத்தியை வாசிங்க."

படித்த ஜெஃப்ரியின் முகம் சுண்டிப்போயிற்று. "வெளியுறவு அமைச்சர் முன்வரிசைல இருக்கார், மியூரியல்."

"தெரியும். நான்தான் உக்கார வெச்சேன்."

"லயனலுக்கே இது பிடிக்காது."

"பிடிக்காதுதான். அவர் நல்ல மனுஷன். நான் அப்படி இல்ல. நீங்க வாசிக்கலைன்னா நானே வாசிக்கிறேன். இத்தனை வருஷம் பூட்டி வெச்சது யாருன்னும் சேத்துச் சொல்றேன்."

பிரசங்க மேடையில் ஜெஃப்ரி தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"'சாம்ராஜ்யம் போய் நாற்பது வருடமாகிறது. நாம் இன்னும் உத்தரவு போடும் குரலில்தான் பேசுகிறோம். எதிரே இருப்பவர்கள் தேநீர் ஊற்றிக் கொடுத்துத் தலையாட்டுகிறார்கள். அதைச் சம்மதம் என்று நான் முப்பது வருடம் தலைநகருக்கு எழுதி அனுப்பினேன். அவர்கள் முடிவெடுப்பது நாம் எழுந்துபோன பிறகுதான்...'"

அமைச்சரின் தலை நிமிர்ந்தது. ஜெஃப்ரியின் குரல் தணிந்து, தாளுக்குள்ளேயே போய்விட்டது.

"கேக்கல," என்றாள் மியூரியல், இருந்த இடத்திலிருந்தே. "மொதல்லேருந்து."

ஜெஃப்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, முதல் வரிக்குத் திரும்பினார்.