இங்க மாட்டாதே

பெரியவளுக்குச் சுத்தம் என்றால் உயிர். வீட்டில் எல்லாரும் அவளைப் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். அவளுக்குக் கீழே ஒரே தம்பி, அவன் சின்னவன். அலமாரி செய்யும் பட்டறை ஒன்றுக்குச் சமையலறைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். முன்னறை ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் மானிட்டர், கீழே சி.பி.யு. பெட்டி. தேடிப் பார்த்தாலும் ஒரு பொட்டுத் தூசு கிடைக்காது. அவள் வரைகிற சமையலறைகளில்கூட ஒரு இழுப்பறை திறந்து கிடந்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்தான் அவள் உயிரை வாங்கியது. விலை குறைந்த பழைய மாடல். வரைந்த சமையலறையைத் திரையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னால், பாதி திரும்பும், நின்று யோசிக்கும், மனசு வந்தால் மீதியைத் திரும்பும். எதிரே இருக்கும் வாடிக்கையாளர் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். இதற்காகவே மூன்றரை வருஷத்துக்கு முன் சின்னவன் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி, தன் கையாலேயே பொருத்திக் கொடுத்திருந்தான். சில மாதம் படம் சொன்னபடி கேட்டது. அப்புறம் பழையபடி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது.

போன் போட்டுக் கேட்டாள். கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவளுக்குச் சுருக்கென்றது. நேரில் வந்து பார்க்கிறேன் என்றான். ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவனுக்கு அப்போது கல்யாணமான புதிது. மாமனார் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அப்படி ஒரு ஞாயிறு இவளும் போயிருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கம்ப்யூட்டரில் வந்து நின்றது.

"எவனோ கழிச்சுப் போட்ட கார்டைப் புதுசுன்னு சொல்லி, கூடப் பொறந்த அக்கா தலையிலயே கட்டினவன் இவன்," என்றாள், சிரித்துக்கொண்டே. "உங்க பொண்ணை உஷாரா இருக்கச் சொல்லுங்க."

விளையாட்டுக்குச் சொன்னது என்று இன்றைக்கும் சாதிப்பாள். யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். நான் போட்டது புதுக் கார்டுதான் என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னானே தவிர, அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

பேச்சு அன்றோடு நின்றது. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி மூன்றாம் மனுஷர் வாயால்தான் இவளுக்கு வந்தது. அன்றைக்குப் பாத்திரம் துலக்குகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழந்தைக்கு இப்போது இரண்டு வயசு. யார் ஜாடை என்றுகூட இவளுக்குத் தெரியாது. தம்பி வேண்டும்தான். ஆனால் தப்பு அவன்மேல், அவனாக வரட்டும் என்று வீம்பாக இருந்தாள். அவன் வரவில்லை.

போன வாரம் பட்டறை முதலாளி, படம் இழுக்காமல் திரும்பினால்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார். பெரியவள் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெட்டியின் உயரத்தையும் பவர் சப்ளையின் அளவையும் கேட்டு, அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்குகிற, தனியாகக் கரண்டு ஒயர் கேட்காத ஒரு குட்டைக் கார்டைக் கொடுத்தார்.

ஞாயிறு காலை, தரையில் பழைய துணி விரித்துப் பெட்டியைக் கழற்றினாள். பழைய கார்டைப் பிடுங்கித் துடைத்து ஓரமாக வைத்தாள். தூக்கிப் போடுவதாக இருந்தாலும் துடைத்துத்தான் போடுவாள். புதியது டக்கென்று உட்கார்ந்தது. ஒயர்களை எல்லாம் இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டி, கார்டோடு வந்த மென்பொருளையும் ஏற்றிவிட்டு, திரையில் சமையலறையைச் சுற்ற விட்டாள்.

பாதி திரும்பியது. நின்று யோசித்தது.

உலகத்தில் எல்லாருமே திருடர்கள் என்கிற முடிவுக்கு வந்து, கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் நிதானமாக, "மானிட்டர் கேபிளை எங்க மாட்டியிருக்கீங்கம்மா? மேலயா, கீழ கார்டுலயா?" என்று கேட்டார்.

மறுபடியும் அதே கேள்வி. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, டார்ச்சோடு மேஜைக்கு அடியில் குனிந்தாள். கேபிள் மேலே, கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த சாக்கெட்டில் இருந்தது. அதிலும் படம் வரும், அதுதான் வினை. புதுக் கார்டு கீழே வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. மேல் சாக்கெட்டைச் சுற்றிச் சதுரமாக ஒரு பசைக் கறை, அதில் அப்பிய தூசு. அந்த வீட்டிலேயே அழுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

அங்கே முன்பு ஒரு வெள்ளை டேப் இருந்தது. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு சின்னவன் அதில் 'இங்க மாட்டாதே' என்று எழுதி ஒட்டியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த மேஜை வாங்கிய அன்று எல்லாவற்றையும் கழற்றி, பெட்டியை ஈரத்துணியால் துடைத்தவள், கையில் தட்டுப்பட்ட டேப்பை என்னவென்றும் பாராமல் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். படம் முரண்டு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

கேபிளைக் கீழே மாட்டினாள். சமையலறை ஒரு தடங்கல் இல்லாமல் முழுச் சுற்றுச் சுற்றியது. பட்டறை வேலை தப்பித்தது. அத்தோடு பெட்டியை மூடியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவளால் முடியவில்லை. புதிய கார்டைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்பப் பொருத்தினாள். அதன் மூன்று சாக்கெட்டில் இரண்டில், புதுக் கார்டில் மட்டுமே வரும் கறுப்பு மூடிகள் அப்படியே இருந்தன. மூன்றாவதில் கேபிளைச் சொருகினாள்.

பழைய கார்டிலும் சமையலறை முழுச் சுற்றுச் சுற்றியது. நிறுத்தத் தோன்றாமல் ஏழெட்டுத் தடவை சுற்ற விட்டாள்.

சின்னவன் நம்பரை அவள் அழிக்கவில்லை. நாலாவது மணியில் எடுத்தான்.

"கேபிளை மேல மாட்டியிருந்தேன்டா," என்றாள்.

"டேப் ஒட்டியிருந்தேனே," என்றான்.

"துடைச்சு எடுத்துட்டேன்."

"சரி. அதை எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அது நல்ல கார்டுன்னு எனக்குத் தெரியும்."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"யாரெல்லாம் இருக்காங்க?"

"மாமனார் வீட்டுல எல்லாரும்தான். சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"போனை ஸ்பீக்கர்ல போடு."

"அதெல்லாம் வேண்டாம்க்கா."

இத்தனை வருஷம் கழித்து ஒரு 'அக்கா'. ஆனாலும் விடவில்லை. "போடுடா," என்றாள்.

சத்தம் சட்டென்று அகலமானது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஒரு குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"நான் பெரியவ பேசறேன்," என்றாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க."