பத்து ஆம்பியர்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குணவதி, தான் குடியிருக்கும் ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே நசுங்கி நின்றது புருஷனுடைய எழுபத்தெட்டாம் வருஷத்து மோட்டர் சைக்கிள். புவனேஸ்வரன் செத்து நாற்பது நாள். போலீஸ் நேற்றுதான் வண்டியைத் திருப்பிக் கொடுத்தது.

கெப்பாலா பத்தாஸில் அம்மாவைப் பார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில், மழையில் திரும்பியவனை லாரி பின்னாலிருந்து அடித்தது. நடு ரோட்டில் லைட்டே போடாமல் நின்றான் என்று லாரிக்காரன் அடித்துச் சொன்னான். ஊர் நம்பியது. ஊரை விடுங்கள், பெற்றவளே நம்பினாள். தினமும் மருமகளுக்குப் போன் போட்டு அதையே சொல்லி அழுதாள். செத்தவன் திரும்பி வந்து வாதாடவா போகிறான்? அவனுக்காகக் குணவதிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கக் கூடியவள்தான். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக வயர்க் கட்டுகளைப் படத்தோடு வைத்துச் சரிபார்க்கிற வேலை. வண்டியின் வயரிங் படத்தை மடியில் விரித்து, பேட்டரியிலிருந்து சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அந்தக் காலத்து வண்டிக்கு மொத்தமும் ஒரே ஃபியூஸ்தான். அது போனால் எஞ்சினும் நிற்கும், முன்லைட்டு பின்லைட்டு எல்லாமே அணையும்.

லைட் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. சீட்டுக்கு அடியில், பின்லைட்டுக்குப் போகிற பழுப்பு வயர் தோலுரிந்து செம்பு தெரிந்தது. குழியில் இறங்கும்போது சீட்டு அழுந்தி, அது இரும்பில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கும். ஃபியூஸைக் கழற்றினாள். கண்ணாடிக்குள்ளே இழை அறுந்து கிடந்தது.

லைட் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான் மனுஷன். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். பாதி மூச்சிலேயே அது நின்றுபோனது.

அந்த ஃபியூஸை மாட்டியதே அவள்தான். விபத்துக்கு ரெண்டு நாள் முன்னால், கருகிய ஃபியூஸில் சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றி அவன் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "மூணு வருஷமா ஓடுது, விடுலா" என்றான். விடுவாளா? நெருப்புப் பிடித்துச் சாகவா என்று திட்டி, தாளைப் பிய்த்தெறிந்து, கணக்காகப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் வாங்கி மாட்டினாள். தாள் இருந்திருந்தால் அறுந்திருக்காது, வண்டியும் நின்றிருக்காது. ஏன் தாளைச் சுற்றினாய் என்று மட்டும் கேட்கவில்லை. ஃபியூஸ் போனால் முதலில் ஷார்ட் எங்கே என்று தேடு, பிறகு மாற்று. புதிதாக வருகிறவர்களுக்கு ஃபேக்டரியில் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவள் அவள். வீட்டில் அது மறந்துபோனது. புருஷனிடம் ஜெயித்த சந்தோஷத்தில் மறந்துபோனது.

கொழுந்தன் லோகேஸ்வரன் பசியாறப் பொட்டலத்தோடு வந்தபோது ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் படத்தைப் பார்த்தான், வயரைப் பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"வேணும்னேவா செஞ்சீங்க அண்ணி? நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"அத்தைகிட்ட சொல்லணும் தம்பி."

"சொல்லாதீங்க. தப்பு அண்ணனோடதுன்னா அம்மா அழுதுட்டு மன்னிச்சிரும். உங்கள மன்னிக்காது. இருக்கிறவங்க இருக்கணும்லா."

சொல்லத்தான் போகிறேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். மத்தியானம் அத்தையின் போன் வந்தது.

"சாப்பிட்டியாம்மா? உன்ன நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரல. அந்தப் பாவி ஒரு லைட்டப் போட்டிருந்தா இன்னைக்கு நீ இப்படி நிப்பியா?"

குணவதி வாயைத் திறந்தாள்.

"ஆமா அத்தை," என்றாள்.