அடைச்சாச்சு!

படகு தண்ணீரில் இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். எல்லோரும் கைதட்டத் தயாராக நின்றார்கள். சார் மட்டும் படகின் வலப்பக்க அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கையால் செய்து கற்போம்’ என்று பெற்றோர் கூட்டத்தில் தொண்டை வறள முழங்கி, மாணவர்களைக் கடல் தாண்டி இந்தப் படகுப் பட்டறைக்கு அழைத்து வந்தவரே அவர்தான். பிள்ளைகள் தாங்களே ஒரு படகு செய்ய வேண்டும். கடைசி நாளில் அதில் தாங்களே ஏற வேண்டும். அதுதான் ஏற்பாடு. இப்போது கரையில் முக்காலி ஸ்டாண்டில் பொருத்தியிருந்த சாரின் போன் வீடியோ காலில் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை, பெற்றோர், பெற்றோரின் தோள்வழியே எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கம்.

“பிரமாதம் சார்! இனிமே எல்லா டூரும் உங்க பொறுப்புதான்” என்றது தலைமை ஆசிரியையின் குரல்.

புதுச் சிவப்புப் பெயிண்டில் படகு மாப்பிள்ளை முறுக்கோடு மினுங்கியது. அந்தச் சிவப்புதான் சாரின் கண்ணை உறுத்தியது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து இறுக்க வேண்டும். முடித்தவர் ‘அடைச்சாச்சு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர்களின் மொழியில் பிள்ளைகள் முதலில் கற்ற வார்த்தையே அதுதான். சொன்னால் போதும்; யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அடுத்த வேலை பெயிண்ட்.

முந்தாநாள் மாலை, வலப்பக்க அடி இடுக்கு பாதிதான் முடிந்திருந்தது. பெயிண்ட் அடிக்கும் காட்சியை அன்றைக்கே பெற்றோருக்கு அனுப்புவதாகச் சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

“இன்னும் பாதி திரி வைக்கணும் சார்” என்றாள் அவர் மகள். எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்வதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் குட்டி வக்கீல். பயணம் முடியும்வரை அப்பாவையும் சார் என்றே கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

“அதெல்லாம் பெயிண்டே அடைச்சுக்கும். வெளிச்சம் போகுது பாரு.”

“பெயிண்ட் எப்படி சார் அடைக்கும்?”

“வக்கீலம்மா, வாய்தா கேக்காம பிரஷ்ஷை எடுங்க. அடைச்சாச்சுன்னு சொல்லு, போதும்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

இப்போதுகூட ‘நிறுத்துங்க’ என்று ஒரு வார்த்தை போதும். சார் வாயைத் திறந்தார். போனுக்குள் யாரோ கைதட்டினார்கள். வாயை மூடிக்கொண்டார்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு படகு சறுக்கி இறங்கியது. மிதந்தது. சாருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. எல்லோரும் போனைப் பார்த்துக் கையாட்ட, மகள் மட்டும் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஷூவுக்குள்ள தண்ணி!” என்று அலறினான் வகுப்பிலேயே உயரமான நெட்டையன்.

அவ்வளவுதான். படகு வலப்பக்கம் சாய்ந்தது. கூச்சல், தொபீர், தொபீர். நல்லவேளை, இடுப்பளவு ஆழம்தான். மிதவைச் சட்டையும் இருந்தது. பட்டறைக்காரர்கள் இறங்கி அத்தனை பேரையும் கரையேற்றினார்கள்.

பட்டறை மேஸ்திரி கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். பயணத்தில் கூட வந்த வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள்: “வலப்பக்க அடி வரிசைக்கு அடைச்சாச்சுன்னு சொன்னது யாருங்க?”

சொட்டச் சொட்ட நின்ற பிள்ளைகள் எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் போனைப் பார்த்தார்.

“நான்தான்” என்று ஈரக் கையைத் தூக்கினாள் மகள்.

“என்ன சார், நம்ம வக்கீலா?” என்றார் தலைமை ஆசிரியை. “கவனமா செய்யக் கூடாதா?”

சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். “பிள்ளைங்கதானே மேடம்… தப்பும் ஒரு பாடம்தானே!”

“அடடா, என்ன பெருந்தன்மை!” என்றார் யாரோ ஒரு அப்பா.

நெட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீடியோ கால் முடிந்ததும் சார் மேஸ்திரியிடம் ஓடினார். “நான்தான் சொல்லச் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லும்மா.” வழிகாட்டிப் பெண் சொன்னாள். மேஸ்திரி அணைந்து கிடந்த போனை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கவிழ்த்துப் போட்ட படகின் அருகே மகள் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“குடும்மா, நான் செய்றேன்.”

“வேணாம் சார். சொன்னவங்கதான் பிரிச்சுத் திரும்பச் செய்யணுமாம்.”

“இங்க யாரும் இல்ல. அப்பான்னே கூப்பிடேன்.”

அவள் திரியை இடுக்கில் வைத்து உளியைப் பொருத்தினாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

தள்ளி நின்றார். காது மடல்கள் எரிந்தன. சட்டைப் பையில் போன் பாராட்டுகளாக அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தார். தலைமை ஆசிரியையை அழைத்தார்.

“சொல்லுங்க சார்!”

பின்னால் மரச்சுத்தியல் சத்தம் நின்றது.

“மேடம்… எல்லாப் பெற்றோரையும் திரும்ப லைன்ல போடுங்க. ஒரு பொய் சொல்லிட்டேன்.”